சாயங்காலம் வெட்டாத மெஷின்காரர்

போன வாரம் வரைக்கும் இப்படித்தான்: மணி பன்னெண்டரை. வெயில் மண்டையப் பொளக்குது. லைப்ரரி முன்னாடி இருக்கற புல்தரையில மெஷின்காரர் தலையில ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு, புல் வெட்டற மெஷினோட கயித்த மூணாவது தடவையா இழுக்கறாரு. நாலாவது இழுப்புலதான் அது உறுமும். நாலு வருஷமா இதே நேரம், இதே வெயில்.

அவரு மனைவி எதிர்த்த டெய்லர் கடையில பட்டன் தைக்கறாங்க. "எல்லாரும் வெயில் தாழ வேலைக்குப் போவாங்க. எங்க வீட்டு மகாராஜா வெயில் வாங்கறதுக்குன்னே போறாரு"ன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க. அவரு காதுலயே போட்டுக்க மாட்டாரு.

முன்னெல்லாம் அவரும் சாயங்காலந்தான் வெட்டுவாராம். ஒருநாள் ஆறு மணிக்கு வெட்டி முடிச்சு, புல்லக் கூடையில அள்றப்ப கையெல்லாம் சாம்பல் மாதிரி பொடி. உத்துப் பாத்தா எல்லாம் குட்டிக் குட்டி றெக்கைங்க!

கட்டைவிரல் நகம் அளவுதாங்க அந்தப் பட்டாம்பூச்சி. றெக்கைய மூடினா சாம்பல் கலர், அதுல புள்ளி புள்ளியா இருக்கும். விரிச்சா ஆணுக்கு நீலம், பொண்ணுக்குப் பழுப்பு. பகல்ல முழங்காலுக்கு மேல பறக்காது. பொழுது சாஞ்சா புல் நுனியில தலைகீழா தொங்கிக்கிட்டு கூட்டமா தூங்கிரும். மெஷினே வந்தாலும் எழுந்திரிக்காது.

"தூங்கறதுங்கள வெட்டிட்டேன் தம்பி"ன்னாரு, லைப்ரரிக்குப் படிக்க வர்ற என்கிட்ட.

அன்னைலேர்ந்து அதுங்களையே கவனிச்சுக்கிட்டு இருக்காரு. தரையோட படர்ற மூணு இலைச் செடியில ஊசிமுனை அளவு முட்டைய எனக்குக் காட்டினதும் அவருதான். அதுல வர்ற பச்சைப் புழு மேல எறும்பு ஏறித் திரியும், ஆனா கடிக்காது. புழு கசியவிடற இனிப்ப நக்கிக்கிட்டு காவல் நிக்கும். அதுங்களுக்கு அவரு வெச்ச பேரு "செக்யூரிட்டி".

இந்த வாரந்தான் சிக்கல். மதியச் சத்தத்துல படிக்க முடியலன்னு படிக்க வர்றவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. மேனேஜர் மேடமும் நியாயமாத்தான் சொன்னாங்க, இனிமே லைப்ரரி மூடின பெறகுதான் மெஷின் ஓடணும், முடியலன்னா வேற ஆள் பாப்போம்னு. அவரு தலையாட்டிட்டுப் போனாரு. மறுநாள் மெஷின ஓரங்கட்டிட்டு, அரிவாளோட வந்து குந்திட்டாரு. சத்தமே இல்ல. மெஷினுக்கு ஒரு மணி நேர வேலை, கையால மூணு நாள் இழுத்துச்சு.

நேத்து மூணாவது நாள். நாலரை மணிக்கு இன்னும் கால்வாசி பாக்கி. மேடம் படியெறங்கி வந்தாங்க.

"அண்ணே, எதுக்கு இடுப்ப ஒடிச்சுக்கறீங்க? மிச்சத்த ஆறு மணிக்கு வாட்ச்மேன விட்டு மெஷின்ல அடிச்சிக்கறேன். இனிமே அவரே பாத்துக்கட்டும்."

அவரு மெதுவா எழுந்தாரு. "வேலைய எடுத்துக்கங்க மேடம். இன்னைக்கு மட்டும் இத என்கிட்ட விட்ருங்க."

மேடம் கைக்கடிகாரத்தப் பாத்தாங்க.

அவரு நேரா மெஷின்கிட்ட போனாரு. ஸ்பார்க் பிளக்கக் கழட்டினாரு. அது இல்லன்னா மெஷின் ஓடாது. அதச் சட்டைப் பாக்கெட்டுல போட்டு ஒரு தட்டு தட்டிட்டு, திரும்பி வந்து அரிவாளோட குந்திட்டாரு.