சவாசனமும் ஏழு மணி பஸ்ஸும்

ரெட்டியார்சத்திரம் சுந்தரம்மாளுக்கு முதுகுவலி. குனிய முடியாவிட்டால் மல்லிகை பறிக்க முடியாது என்று திண்டுக்கல்லில் மாலை யோகா வகுப்பில் சேர்ந்தார். ஆசனங்கள் முடிந்ததும் ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்.

“கடைசியா செத்த நேரம் சவாசனத்துல படுங்கக்கா” என்பார் ஆசிரியை கீர்த்தனா.

“படுக்குறதுக்கா பஸ் ஏறி வாரேன்?”

ஒருநாள் அப்படி ஓடியவருக்குப் பஸ் படியிலேயே முதுகு பிடித்துக்கொண்டது.

மறுநாள் தோட்டத்தில், பறித்த பூவைக் கணவர் ராமர் உடனே மூட்டை கட்டப் போனார்.

“சூட்டோட கட்டுனா கருகிப்போகும். நிழல்ல பரப்பி ஆறவிடுங்க.”

“பூவுக்குச் சொல்லுற. ஒனக்கு மட்டும் ஏழு மணி பஸ்ஸா?”

சுந்தரம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது பத்து நிமிடம் அசையாமல் படுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். முதுகு பிடிப்பதில்லை. ஏழரை மணி பஸ்ஸில் உட்கார இடமும் கிடைக்கிறது.