நான் நிறுத்திய மணி

அந்த மெயில் புரோகிராமை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. கடல் தாண்டி ஏதோ ஒரு கல்லூரியில் பிறந்து, காந்த நாடாவில் சுருண்டு தில்லிக்கு வந்து, எண்பதுகளின் பின்பாதியில் ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்ட என்னிடம் ஒப்படைக்கப்பட்டபோதே அதற்கு வயதாகியிருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். பெயரைத் தட்ட வேண்டும், கடிதத்தைத் தட்ட வேண்டும், கடைசி வரியில் ஒற்றைப் புள்ளி வைக்க வேண்டும். பிறகு அது எதுவும் சொல்லாது. சொல்லவில்லையென்றால் போய்விட்டது என்று பொருள். அந்த அறையில் எல்லோரும் அப்படித்தான் பழகியிருந்தோம்.

தினமும் காலையில் எங்கள் மெஷின் பம்பாய் மெஷினைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிதங்களைக் கொடுக்கும். அது இன்னொன்றிடம், அது வேறொன்றிடம். மழைக்காலத்தில் லைன் கிடைக்காது. கிடைக்காத ஒவ்வொரு முறையும் டெர்மினல் ஒரு மணி அடித்து, ‘அனுப்ப முடியவில்லை’ என்று ஒரு வரி எழுதும். மறுநாள் லைன் வந்ததும் கடிதம் தானாகவே போய்விடும். ஆனாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும், பன்னிரண்டு டெர்மினல்களிலும், மழையோடு மழையாக.

டேட்டா என்ட்ரி பிரிவைக் கவனித்துக்கொண்டவர் ஒரு திருநெல்வேலி அக்கா. கணவர் இல்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். அவர்தான் ஒருநாள் என் மேஜைக்கு வந்தார்.

“பூசாரி இல்லாத கோயில்ல இத்தன மணி எதுக்கு தம்பி? நிறுத்துங்க. பிள்ளைகளுக்குத் தல வலிக்காம்.”

நிறுத்தினேன். புரோகிராமிலிருந்து மூன்றே வரிகளை எடுத்தேன். மணியும் போயிற்று, எச்சரிக்கையும் போயிற்று. மறுநாள் தன் டப்பாவிலிருந்து எனக்கும் எலுமிச்சை சாதம் வைத்தார்.

அவருக்கு ஒரே மகள். அமெரிக்காவில் படிக்கப் போனவள் அங்கேயே தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். இனி எனக்கு எழுதாதே என்று இவர் ஏர் லெட்டர் போட்டார். அவளும் எழுதவில்லை. வீடு மாறினாள், புது முகவரி இவரிடம் இல்லை. இரண்டு வருடம் இப்படிப் போன பிறகு, ஒரு செப்டம்பரில், எங்கள் ஆபீஸ் மெஷினின் பெயரை எப்படியோ தேடிப் பிடித்து அவள் அனுப்பிய ஒரு மெயில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். ‘அம்மா, பிப்ரவரியில குழந்தை பிறக்கும். நீ வருவியா?’

அக்கா நின்றுகொண்டே படித்தார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. அன்றே பதில் எழுதினார். புள்ளி வைத்தார். மெஷின் எதுவும் சொல்லவில்லை.

பதில் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று எழுதினார். பிறகு இன்னொன்று. குளிர் வந்தது. மதியத்தில் ஆபீஸ் புல்வெளியில் வெயிலுக்கு உட்கார்ந்த பெண்களோடு உட்கார்ந்து, பக்கத்து சீட் பஞ்சாபிப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு, மஞ்சள் கம்பளி நூலில் உள்ளங்கை அகல ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னத் தொடங்கினார். தப்புத் தப்பாகப் பின்னி, பிரித்துப் பின்னினார். என்னைக் கண்டால் புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் இல்லையென்று தலையசைத்தால், “கோவமா இருப்பா. என் பிள்ளைல்லா” என்பார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

மார்ச் மாதம் டிஸ்க் நிரம்பிவிட்டது. யார் யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தவன், அக்காவின் இடத்தில் ஒரு கோப்பைக் கண்டேன். அனுப்பவே முடியாத கடிதங்களை அந்தப் புரோகிராம் எறியாது. எழுதியவரின் இடத்திலேயே ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும். உள்ளே பதினோரு கடிதங்கள்.

வழியில் உள்ள மெஷின்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகக் கோத்தால்தான் அப்போது முகவரி. எண்பது எழுத்துக்கு மேல் எந்த முகவரி போகப்போகிறது என்று புரோகிராமை எழுதியவர் நினைத்திருப்பார். மகளின் முகவரி தொண்ணூறைத் தாண்டியது. பதினோரு முறையும் புரோகிராம் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. அந்த வாயை நான் ஆகஸ்டிலேயே அடைத்திருந்தேன்.

புல்வெளிக்குப் போய்ச் சொன்னேன். எண்பது எழுத்து, மூன்று வரி, எல்லாவற்றையும். ஊசிகள் நிற்கவில்லை.

“ஒண்ணுகூடப் போகலயா?”

“ஒண்ணுகூடப் போகலக்கா.”

அந்த வரிசையை முடித்து ஊசியைத் திருப்பிய பிறகுதான் பேசினார். “மொத மூணையும் அனுப்பாதீங்க தம்பி. அதுல ஏசியிருக்கேன்.”

அன்று மாலைக்குள் எண்பதை இருநூறாக்கினேன். எடுத்த மூன்று வரிகளையும் இருந்த இடத்தில் வைத்தேன். எட்டுக் கடிதங்கள் கிளம்பின.

மூன்றாம் நாள் காலை எட்டும் திரும்பி வந்தன. ‘அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை’ என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. அறையில் விசைச் சத்தம் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் அணைக்கப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அடிக்கட்டும்.”

மகள் படித்த கல்லூரியில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் முகம் தெரியாத ஒருவருக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். டிசம்பரில் படிப்பு முடிந்தது, அவள் மெயில் கணக்கை மூடிவிட்டார்கள், எங்கே போனாள் என்று தெரியாது. டிசம்பர் வரை அவள் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பாள். அம்மா எதுவும் சொல்லவில்லை, அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஓய்வு பெற்ற அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும், “என் பெட்டிய மூடிராதீங்க. எழுதுனா அவ இதுக்குத்தான் எழுதுவா” என்றார். போனவர்கள் கணக்கை அழிக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. நான் அழிக்கவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமைகளில் பத்து மணிக்கு அவரிடமிருந்து டெலிபோன் வரும். நான் அவர் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

“ஒண்ணுமில்லக்கா.”

“அச்சா.” பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்கும். “அடுத்த திங்கள் பாப்போம்.”