நீல மையில் ஒரு சீட்டு

எங்கள் அறையில் அவருக்குப் பென்சில்காரர் என்று பெயர். வலது காதின் மேல் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அது அங்கே இருப்பதை மறந்துவிட்டு மேஜைக்கடியில் குனிந்து தேடுவார். நாங்கள் சொல்ல மாட்டோம். அவராகவே தலையைச் சொறியும்போது கைக்குத் தட்டுப்படும்.

காகிதக் கிடங்குக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அறை. நான்கு மேஜைகள், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. எபிரெய வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை வரிவரியாகத் திருத்திப் புதுப் பதிப்பு கொண்டுவருவது எங்கள் வேலை. நான் தட்டச்சு செய்பவள். அவர் என் பக்கத்து மேஜை. பொருள் பிடிபடாத இடங்களெல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கும்.

அவர் எந்தக் கல்லூரிக்கும் போனவரில்லை. பத்தொன்பது வயதில் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு முறை யாரோ ஒருவரின் எபிரெய இலக்கணத்துக்கு எழுத்துக் கோக்கச் சொன்னார்கள். அது வலமிருந்து இடமாக ஓடும் மொழி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பதினாறு பக்கத்தையும் இடமிருந்து வலமாகக் கோத்து வைத்துவிட்டார். எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதாயிற்று. மேஸ்திரி எல்லார் முன்னாலும் சிரித்தார். அந்த ரோஷத்தில் படிக்க ஆரம்பித்தவர், பிறகு எபிரெயத்தோடு நிற்கவில்லை. அரமேயம், அரபு, சுரியானி என்று ஒவ்வொன்றின் அகராதியையும் கூட்டிக்கொண்டு போனார். நாற்பது வருஷம்.

வேதத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் வரும் சொற்கள் உண்டு. வேறெங்கும் வராததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் ஒரு சீட்டு வைத்திருந்தார். வீணான மெய்ப்புத் தாள்களை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பின்பக்கத்தில் எழுதுவார். மேலே சொல், அதன் கீழே அது வரும் இடம், அதற்கும் கீழே பழைய மொழிபெயர்ப்புகள் என்ன செய்தன என்ற குறிப்பு, கடைசி வரியில் பொருள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் ஓர் இரும்பு இழுப்பறையில் இருந்தன.

அந்தக் கடைசி வரிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஊகமென்றால் பென்சில். சாட்சி கிடைத்தால்தான் மை. சாட்சி என்றால், எபிரெயத்தோடு உறவுள்ள மொழியின் அகராதியில் தன் கண்ணால் பார்த்த சொல். பக்க எண்ணோடு.

"கண்ணு பார்க்காதத கை மையில எழுதக் கூடாது" என்பார்.

எங்கள் பொறுப்பாளர் ஒரு நாள் கேட்டார்: "அண்ணே, உங்க கல்யாணப் பத்திரிகையையும் பென்சில்லதான் எழுதினீங்களா?"

"பொண்ணு சம்மதம்னு சொல்ற வரைக்கும் பென்சில்தான். சொன்ன அன்னைக்கே மையாக்கிட்டேன்."

அந்தப் பெண், அதாவது அண்ணி, வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். ஒரே மகள். பதினேழு வயதில் பரீட்சை எழுத ஆற்றுக்கு அக்கரை போனாள். படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. மற்றவர்களை எடுத்தார்கள். இவளை எடுக்க முடியவில்லை. ஒன்பது நாள் தேடிவிட்டு நிறுத்தினார்கள்.

சவப்பெட்டி இல்லாமலே அடக்க ஆராதனை நடந்தது. போதகர் ஒரு புலம்பல் பாட்டை வாசித்தார். ஆழத்துக்குள் இறங்கிப் போனவர்களைப் பற்றி அதில் ஒரு வரி. பழைய மொழிபெயர்ப்பின்படி அவர்கள் மறக்கப்படுகிறார்கள். அண்ணி அந்த வரியோடு வீட்டுக்கு வந்தவர் படுத்துவிட்டார். சாப்பாடு இல்லை. பேச்சும் இல்லை. தண்ணீரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் எழுந்து, அடுப்பைப் பற்ற வைத்து, இரண்டு பேருக்கும் சமைத்தார். அந்த வரியின் நடுச் சொல் வேதத்தில் ஒரே தடவை வருவது, அதற்கு மறக்கப்படுவது என்று பொருள் இல்லை, பொதிந்து வைக்கப்படுவது என்றுதான் பொருள் என்று பென்சில்காரர் சொன்னாராம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தாராம்: ஆழத்துக்குள் போனவர்கள் பொதிந்து வைக்கப்படுகிறார்கள். அந்தக் காகிதம் அண்ணியின் தையல் மெஷினுக்கு நேராகச் சுவரில் ஒட்டப்பட்டது. பதினோரு வருஷமாக அங்கேயே இருந்தது. நூல் மாற்றும்போதெல்லாம் அண்ணி அதைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புதுப் பதிப்பில் அந்தப் பாட்டின் முறை வந்தபோது, அவர் தன் பொருளையே போட்டார். சீட்டில் அது மையில் இருந்தது. நாங்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை.

கேட்டவர் வெளியூரில் இருந்த ஆலோசகர் அம்மா. கடைசிச் சரிபார்ப்பு அவருடையது. செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. இந்த வரிக்கு மட்டும் சாட்சியின் பக்க எண் காணவில்லை, வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள், திங்களன்று பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன என்று இரண்டே வரி.

அவர் சீட்டை எடுத்தார். கடைசி வரியில் "பொதி, அரபு" என்று இருந்தது. பக்க எண் இல்லை.

"எழுத மறந்திருப்பேன். பத்து நிமிஷத்துல பார்த்துச் சொல்றேன்" என்றார்.

முதல் அகராதியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. புதன்கிழமை முழுவதும் அரபு அகராதிகள் நான்கையும் மேஜையில் விரித்து வைத்து, அந்தச் சொல்லின் வேரில் வரும் எல்லாச் சொற்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். வியாழன் அன்று அரபை விட்டு மற்ற மொழிகளுக்குப் போனார். ஒருவேளை மொழியின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கலாமே. மதியம் கொண்டுவந்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. பக்கம் திருப்பும் வேகம் கூடிக்கொண்டே போனது. பார்த்த பக்கத்தையே மறுபடி பார்ப்பதை நான் கவனித்தேன்.

"அண்ணே, இந்தப் பக்கம் காலையிலேயே பார்த்தீங்க."

"சரியாப் பார்க்கலியோ என்னமோ."

வியாழன் மாலை பொறுப்பாளர் அவர் மேஜையில் கையூன்றி நின்றார். "ஒரு பக்க எண்ணுதானே? நீங்க போட்டா அந்த அம்மா எடுத்துப் பார்க்கவா போறாங்க? இத்தனை வருஷத்துல உங்க எண்ணு ஒண்ணு தப்பாப் போயிருக்கா?"

"போனதில்ல."

"அப்புறம் என்ன? ஒண்ணப் போட்டு அனுப்புங்க. அண்ணிய நினைச்சுப் பாருங்க."

பொறுப்பாளர் போன பிறகு அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கடிதத்தை முன்னால் வைத்தார். முள் காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, எனக்குச் செய்ய வேறொன்றும் தெரியாமல், அந்தச் சீட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எங்களுக்கு அச்சகம் தருவது கறுப்பு மை. அவர் சீட்டுகள் எல்லாம் கறுப்பு. இதன் கடைசி வரி மட்டும் நீலம்.

"அண்ணே, இது நம்ம மை இல்லியே. பால்பாயிண்ட் பேனா மாதிரி இருக்கு. கீழ பென்சில் கோடும் தெரியுது."

அவர் சீட்டை வாங்கினார். சாய்த்துப் பிடித்தார். நீலத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் அதே சொற்கள் இருந்தன. அவருடைய கையெழுத்துதான். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. உட்கார்ந்தார்.

"பாப்பாவோட பேனா" என்றார்.

நான் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சமையல்கட்டு மேஜையில கிடந்துச்சு. அவ பரீட்சைக்கு ரெண்டு பேனா எடுத்து வச்சிருந்தா. ஒண்ண விட்டுட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சீட்ட வீட்டுக்குக் கொண்டுபோய் உங்க அண்ணிகிட்ட காட்டினேன். பென்சில் எதுக்குன்னு அவளுக்குத் தெரியும். இது நிச்சயமாத் தெரியுமான்னு கேட்டா. நான் அந்தப் பேனாவ எடுத்து மேல எழுதினேன். சாட்சிய அப்புறம் தேடிக்கலாம்னு நினைச்சேன். தேடவே இல்ல. நாலஞ்சு வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தப்ப, மையில இருந்துச்சு. மையில இருக்கேன்னு நானே நம்பிட்டேன்."

மதியம் வீட்டுக்குப் புறப்பட்டார். "நீயும் வாம்மா. தனியா என்னால சொல்ல முடியாது" என்றார். போனேன்.

அண்ணி மெஷினில் இருந்தார். காலடியில் வெள்ளைச் சட்டைத் துணிகள் குவிந்திருந்தன. "என்ன, ரெண்டு பேரும் இந்த நேரத்துல? ஆபீஸ இழுத்து மூடிட்டாங்களா?" என்றவர், அவர் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, "உக்காருங்க. வீட்டக் காலி பண்ணச் சொல்ல வந்த ஆளு மாதிரி நிக்கிறீங்க" என்றார்.

அவர் உட்காரவில்லை. சீட்டை மெஷின் பலகையில் வைத்தார். அண்ணி அதைக் கையில் எடுக்காமலே பார்த்தார். நீலத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"பாப்பா பேனா" என்றார்.

"ஆமா. அடியில பென்சில். எனக்கு அது ஊகம்தான். அன்னைக்கும் ஊகம்தான். மூணு நாளாத் தேடிட்டேன். எங்கயும் இல்ல."

"நான் நிச்சயமான்னு கேட்டேன்."

"கேட்ட."

"நீங்க பேனாவ எடுத்தீங்க."

"எடுத்தேன்."

வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. அண்ணி சுவரிலிருந்த காகிதத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்போ அவ மறக்கப்பட்டவதானா?"

"அதுவும் தெரியாது. அதுக்கும் சாட்சி இல்ல. பழைய ஆளுங்க பக்கத்து வரிய வச்சு ஊகம் பண்ணியிருக்காங்க. அவங்களோட பென்சில் அச்சாகி நம்ம கைக்கு வந்திருக்கு, அவ்வளவுதான். அந்தச் சொல்லு என்னன்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா நாப்பது வருஷம் படிச்சீங்க?"

என்னால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

அண்ணி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். ஊசி ஓடியது. ஒரு சாண் தூரம் ஓடிய பிறகுதான் ஊசியில் நூல் இல்லாததைக் கண்டேன். துணியில் வெறும் துளைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தாமல் ஓரம் முடியும் வரை ஓட்டினார்.

"போய் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணுங்க" என்றார் கடைசியில். "காத்துக்கிட்டு இருப்பாங்க."

நான்கு மணிக்கு அறையிலிருந்து பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். சாட்சி இல்லை, தப்பு என்னுடையது என்றார். அப்படியானால் பழையதையே போட்டுவிடலாமா என்று ஆலோசகர் அம்மா கேட்டது எனக்கும் கேட்டது.

"பழையதுக்குச் சாட்சி என்னன்னு சொல்லுங்கம்மா. ஒரு பக்க எண் சொன்னாப் போதும், போட்டுடலாம்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது; அப்படியானால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள் என்றார்.

அந்தச் சொல் வரும் இடத்தில் நீளமான ஒரு கோடு மட்டும் அச்சாயிற்று. பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: இச்சொல்லின் பொருள் தெரியவில்லை. அதைத் தட்டச்சு செய்தது நான்தான்.

அண்ணி சுவரிலிருந்த காகிதத்தை எடுத்துவிட்டார். அதன் அளவுக்கு ஒரு சதுரம், சுண்ணாம்பு மங்காமல், அங்கே இருக்கிறது. சீட்டை அவர் திருப்பித் தரவில்லை. நூல் பாபின்கள் போடும் தகர டப்பாவில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் போனால் வாயிலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். கணவருக்குச் சாப்பாடு போடுவார். அவரோடு பேசுவது குறைந்துவிட்டது. பென்சில்காரர் எங்கள் அறைக்கு முன்பைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறார்.

புதுப் பதிப்பு வந்த மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு ஆராதனையில், அந்தப் பாட்டின் முறை வந்தது. நான் அண்ணிக்கும் அவருக்கும் பின் வரிசையில் இருந்தேன். போதகர் வாசித்துக்கொண்டே வந்து கோட்டைக் கண்டார். அதை எப்படி வாசிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். முன்னால் அண்ணியின் முதுகு அசையவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என்னிடம் சொன்னார்:

"பதினோரு வருஷம். ஒரு செருமல்ல போயிருச்சு."

அது அவர் காதிலும் விழுந்தது. கொஞ்சம் முன்னால் நடந்து போய் நின்றுகொண்டார்.

இப்போது அறையில் அவருக்கு வேறு வேலை இல்லை. இருந்தாலும் தினமும் வருகிறார். இழுப்பறையைத் திறந்து, மையில் இருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலில் பிடிக்கிறார். அடியில் பென்சில் இருந்தால், அகராதியை எடுத்துப் பக்க எண்ணை மறுபடி ஒரு தடவை பார்க்கிறார். இதுவரை இன்னொரு நீலம் அகப்படவில்லை.

"இல்லன்னு இன்னும் சொல்ல முடியாது" என்கிறார். பாதிக்கு மேல் பாக்கியிருக்கிறது. காதின் மேல் இருக்கும் பென்சிலை மேஜைக்கடியில் தேடினால், இப்போதெல்லாம் நான் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.