நான்கு விரல் தெளிவு

“அவங்க காட்டினாங்க, சரி. அங்க முதலாளி ஒத்துக்கினாரா?”

உமிச் சாக்கைத் தடவிக்கொண்டே தருமன் கேட்டார். அவர் மகள் கவிநிலாவும் அவளுடன் படிக்கும் நானும் பக்கத்தில் நின்றிருந்தோம்.

வேங்கிக்கால் தாண்டி இருக்கும் ஐஸ் கம்பெனியில் தருமனுக்குப் பதினாறு வருட வேலை. ஒவ்வொரு ஐஸ் பாரையும் துண்டால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பார்ப்பார். அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரிய வேண்டும். “மூஞ்சி தெரியலன்னா சர்பத் கடைக்காரன் கை வெக்க மாட்டான்.” அவர் விரல்கள் வெளுத்து மரத்துப்போனவை. டீ டம்ளரின் சூடு அவற்றுக்குத் தெரியாது.

தண்ணீர் உறையும்போது ஒரு மோட்டார் அதற்குள் காற்றை ஊதி அலசிக்கொண்டே இருக்கும். மோட்டார் நின்றால் குமிழிகள் உள்ளே மாட்டிக்கொண்டு ஐஸ் வெளுத்துவிடும். போன பௌர்ணமிக்கு அத்தனை பாரும் வெள்ளை. கிரிவலப் பாதைக் கடைகள் திருப்பி அனுப்பிவிட்டன.

“தூங்கிட்டியா?” என்றார் முதலாளி மணிவேல். “இந்த மாசத்தோட நின்னுக்கோ.”

தருமன் ஒரு பாரை ரம்பத்தால் குறுக்கே அறுத்தார். ஐஸ் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும். விரல் வைத்து அளந்தார்.

“நாலு விரல் தெளிவு. அப்புறம் பால் மாதிரி வெள்ள. காலைல ஆறுக்குத் தண்ணி வுட்டது. இவ்ளோ உறைய மதியானம் ரெண்டு மணி ஆவும். மோட்டாரு நின்னது அப்பதாங்க. நான் வந்ததே சாயங்காலம். மோட்டாரு நிக்குதுன்னு வந்ததும் போன் பண்ணேன், நீங்க எடுக்கல.”

பகல் ஷிப்ட், மணிவேலின் மச்சான் பிரசாத்துடையது. மணிவேல் ஐஸின் அறுத்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு செல்போனைப் பார்த்தார். “பாக்கலாம் போ.”

இதைக் கேட்டுத்தான் கவிநிலா தன் கல்லூரிப் பாடத்தைச் சொன்னாள். தென்துருவத்தில் விஞ்ஞானிகள் மூன்று கிலோமீட்டர் ஆழம் துளைத்து ஐஸ் எடுக்கிறார்கள். அதன் குமிழிகளில் எட்டு லட்சம் வருடத்துக் காற்று இருக்கிறது. கரியமில வாயுவும் பூமியின் சூடும் சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கின்றன. இன்று காற்றில் இருக்கும் அளவு கரியமில வாயு அந்த ஐஸில் ஒரு இடத்தில்கூட இல்லை. ஏற்றியது மனிதர்கள்தான்.

தருமன் அசதியாகச் சிரித்தார். “அங்கயும் பிரசாத்து ஷிப்ட்டுதான்னு சொல்லு.” அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

அறுத்த துண்டுக்குக் குளிர் அறையில் இடமில்லை என்று மணிவேல் சொல்லிவிட்டார். முதலாளி மறுபடி பார்க்க வருவார் என்று, சுவரோரம் உமிக்குள் புதைத்து வைத்திருக்கிறார் தருமன். தினமும் திறந்து அளக்கிறார். முதலில் கரைவது வெளிப்புறத் தெளிவுதான். நேற்று மூன்று விரல், இன்று இரண்டு.

கேட்டில் மணிவேலின் கார் சத்தம் கேட்டது. தருமன் எழுந்து நின்றார். கார் நிற்காமல் ஆபீஸ் பக்கம் போனது. அவர் குனிந்து இன்னும் ஒரு கை உமியை அள்ளிப் போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். இரண்டு விரல் மிச்சம் இருக்கிறது.