பிரேக் இல்லாத விமானம்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஷெட்டில், அருங்காட்சியகத்துக்காகச் செய்த பழைய போர்விமானத்தின் மாதிரி இன்று காலை லாரி ஏற வேண்டியிருந்தது.

புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் விடுவோமா? வெல்டர் குமார் பழத்தை வைத்தார். எல்லோரும் தள்ளினோம்.

பழம் நசுங்கியது. விமானம் நிற்கவில்லை. வாசல் சரிவில் இறங்கி நேராக லாரியை நோக்கிப் போனது.

நான் பாய்ந்து, துணி போர்த்திய இறக்கையைப் பிடித்தேன்.

"ரெக்கைய உடுப்பா, துணி கிழிஞ்சிடும். வாலப் புடிச்சிக்கினு தொங்கு" என்று குமார் கத்தினார்.

தொங்கினோம். லாரிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பார்வைக்கு வைக்கப்போவதுதானே என்று பிரேக்கே வைக்காமல் விட்டிருந்தோம்.

எடுத்துப்போக வந்த அருங்காட்சியக அதிகாரி முகம் வெளிறி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இன்னொரு பழம் இருக்கா? லாரிக்கும் வெச்சிடலாம்."

பிரேக்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நீங்களும் கேட்காதீர்கள்.