மழை போட்டு மறைத்த சுவர்

தென்னூரில் அந்த பில்டர் ஆபீசில் சேர்ந்த முதல் நாளே முதலாளி என்னிடம் சொன்னார்: "ஜன்னலுக்கு வெளியில அசிங்கமா ஏதாச்சும் தெரிஞ்சா மழையப் போட்டுடும்மா. மழைன்னா எல்லாருக்கும் புடிக்கும்." இன்னும் கட்டாத வீட்டை, கட்டி முடித்தது போல கம்ப்யூட்டரில் படமாக்குவது என் வேலை. ரெண்டரிங் என்போம். அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

1. துளி

படத்தில் மழை வழியும் கண்ணாடியைப் போடத் தெரியாதவர்கள் எல்லாத் துளியையும் ஒரே சைஸில் பூந்தி மாதிரி உதிர்த்துவிடுவார்கள். பார்த்தாலே எரிச்சல் வரும். நிஜக் கண்ணாடியில் பொடித் துளிகள்தான் நிறைய இருக்கும், பெரியது நாலைந்துதான். பெரிய துளி கனம் தாங்காமல் வழியும்போது பொடிகளை வாரிக்கொண்டு போகும். அது போன தடம் தெளிவாக இருக்கும். சன்ஷேடை ஒட்டிய மேல்பகுதியில் அவ்வளவாக நனையாது. இதெல்லாம் சரியாக வந்தாலும் இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ், வெளியே இருப்பதைத் தலைகீழாகக் காட்டும்.

2. சுவர்

ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட். மூன்றாம் மாடி பெட்ரூம் ஜன்னலில் கோபுரம் தெரிய வேண்டும் என்றார் முதலாளி. சைட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தூணும் தளமும் மட்டும் எழும்பியிருந்தன. ஜன்னல் வரும் இடத்துக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், கல்யாண மண்டபத்தின் பக்கச் சுவர். கோபுரம் மொட்டை மாடிக்கு ஏறினால்தான் தெரியும்.

"சார், அங்கேருந்து சுவர்தான் சார் தெரியும்."

"தெரியும்மா. அதுக்குத்தான் மழை. பளிச்சுனு போட்டா நாளைக்கு வந்து கேப்பாங்க. மங்கலா போட்டா யாரு கேக்கப்போறா? அடியில மாதிரிப் படம்னு பொடி எழுத்துல போட்டுக்கலாம்."

மாடியில் எடுத்த கோபுர போட்டோவை ஜன்னலுக்குப் பின்னால் வைத்து மழை போட்டுக் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்த முதலாளி, "துளிக்குள்ள என்னம்மா சாம்பலா தெரியுது?" என்றார். கம்ப்யூட்டர் மாடலில் இருந்த மண்டபச் சுவரைக் கேமராவுக்கு மட்டும் மறைத்திருந்தேன். துளிகளுக்கும் மறைக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். அதனால் அத்தனை துளியிலும் அந்தச் சுவர்தான் இருந்தது. திருத்தினேன். ஒவ்வொரு துளியிலும் குட்டிக் கோபுரம் தலைகீழாக வந்து நின்றது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

3. கட்டில்

புக்கிங்கில் கையெழுத்துப் போட ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், நெற்றியில் திருமண். முதலாளி சமயபுரம் சைட்டிலிருந்து வரும்வரை என் டேபிளருகே உட்காரவைத்தார்கள். கையில் என் படம் போட்ட ப்ரோஷர்.

"ஆத்துல அவளுக்குப் பக்கவாதம். கோவிலுக்கு வர முடியல. இந்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுட்டா, படுத்துண்டே கோபுர சேவை ஆயிடும். அதுக்குத்தான் இருக்கற வீட்டை விக்கறேன். படத்தைக் காமிச்சேன், ஒத்தக் கையாலயே சேவிச்சா."

"மேல ஏறிப் பாத்தீங்களா சார்?"

"லிஃப்ட் வரலையேம்மா. எனக்கு முட்டி ஒத்துழைக்கல."

ஃபைலைத் திறந்தேன். மழையை அணைத்தேன். கோபுர போட்டோவை அணைத்தேன். மறைத்த சுவரைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஜன்னல் முழுக்க சிமெண்ட்.

பெரியவர் ஸ்கிரீன் பக்கம் குனிந்து பார்த்தார். "அப்போ அந்த மழை, கோபுரமெல்லாம் யார் போட்டது?"

"நான்தான் சார்."

"ரொம்ப நன்னா போட்டிருக்கேள்" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ப்ரோஷரை மடித்துப் பையில் வைத்தார். "அவளண்ட போய் நான் என்ன சொல்றது?" என்று கேட்டபடியே எழுந்து போனார். கையெழுத்துப் போடவில்லை.

முதலாளி வந்ததும், "உன்னை யாரும்மா வாயைத் தொறக்கச் சொன்னது? படம் போடத்தானே வெச்சிருக்கேன்?" என்று கத்தினார். நானும் கத்தினேன். வேலை அன்றே போயிற்று.

முதலாளி மேலுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதற்காக நான் தப்பித்துவிட முடியாது. அவர் வாயால் சொன்னதோடு சரி, அதைக் கண்ணால் பார்த்து நம்பும்படி செய்தவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, ஜன்னல் வரப்போகும் இடத்தில் நின்று, எதிரே இருப்பதை போட்டோ எடுங்கள். அதன்மேல் மழை போடுங்கள். கூடாது என்கிற முதலாளியிடம் மவுஸைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். நான் முதலிலேயே வந்திருக்க வேண்டும். அந்த அம்மா ஒற்றைக் கையால் சேவித்தது நான் போட்ட பொய்யை.