சாக்பீஸ் குறி இல்லாத மிளகாய்

அறுப்பின் பண்டிகைக்கு முப்பது வருஷமாக நான் ஆலயத்துக்குக் கொண்டுபோனது மஞ்சள் பூசணிக்காய். ஒரு வருஷமும் தவறியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, அவரவர் நிலத்தில் முதலில் விளைந்ததைப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. இப்போது தாம்பரத்தில் யாருக்கு நிலம் இருக்கிறது? பாதிப் பேர் சனிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட்டில் வாங்கித்தான் வைக்கிறோம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கேட்டுவிட்டார்கள்.

ஏலம் விடுகிறவர் ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பிளாட்பாரத்தில் நின்று கத்திப் பழகின குரல், மைக்கே வேண்டாம். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் பூசணிக்காயைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினவர், அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். மார்க்கெட்டில் காய் விற்கிறவள் எடை போட்டதும் காயின் மேலேயே சாக்பீஸால் எழுதி வைப்பாள். நான் துடைக்க மறந்திருந்தேன்.

"அஞ்சே முக்கால்னு போட்டிருக்கு," என்றார் பந்தலுக்கே கேட்கிற மாதிரி. "அக்கா வீட்டுச் செடி காயும் காய்க்குது, எடையும் போட்டுக் குடுக்குது. நம்ம வீட்டுச் செடிக்கு இந்தப் படிப்பெல்லாம் வரல."

பந்தல் முழுவதும் சிரித்தது. ஆராதனை நடத்திய போதகர் ஐயர்கூட அங்கியின் கையால் வாயை மறைத்துக்கொண்டார். பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருபத்தாறு வருஷம் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள் நான். ஒரு நாள் உப்பு கூடிற்று, ஒரு நாள் சோறு குழைந்தது என்று ஒரு வார்டன் சொன்னதில்லை. இப்படி நாலு பேர் முன்னால் சிரிக்கும்படி ஆனதும் இல்லை.

"சிரிச்சது போதும் தம்பி," என்றேன். "அடுத்த வருஷம் என் கையால வெளஞ்சதத்தான் கொண்டாருவேன். கடையில வாங்கினதா இருந்தா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என் வீட்டில் கைப்பிடி மண்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வாசல் வரை சிமெண்ட் போட்ட வீடு. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான். விளைவித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் முப்பது வருஷமாக விடாத பண்டிகையன்று வீட்டில் உட்கார வேண்டும்.

மொட்டை மாடி இருந்தது. அங்கே நின்றால் ஒரு பக்கம் திருநீர்மலை தெரியும். காலையில் விமானப்படைக்காரர்கள் சின்ன விமானங்களை ஓட்டிப் பழகுவதும் தெரியும். என் மருமகள் பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் யோசனை சொன்னாள்.

"கீரை போடுங்க அத்தை. இருபது நாள்ல வந்துரும். ஈஸி."

"கீரை ஏலம் முடியறதுக்குள்ள தலைய தொங்கப் போட்டுரும். அந்த மனுஷன் அதுக்கும் எதாவது சொல்வாரு."

"அப்ப என்னதான் போடப் போறீங்க?"

"மிளகா."

இருபத்தாறு வருஷத்தில் என் கையில் எத்தனை மூட்டை மிளகாய் போயிருக்கும். வறுக்கும்போது வருகிற நெடியை வைத்தே இது எவ்வளவு காரம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு செடியைக்கூட வளர்த்ததில்லை. அது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஆக்கத் தெரிந்தவளுக்கு வளர்க்கவா தெரியாது என்று நினைத்தேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம், டப்பாவில் இருந்த காய்ந்த மிளகாயில் நல்ல நிறமாகப் பார்த்து உடைத்து, விதையைத் தயிர் கப்புகளில் தூவினேன். ஒன்பதாம் நாள் வளைந்த தலையோடு வெளியே வந்தன. அடுத்த தெருவில் பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் காலி வாளிகள் கேட்டு வாங்கி, அடியில் ஓட்டை போட்டு வைத்தேன். மகன் மறைமலை நகரில் ஷிப்ட் முடிந்து வந்து, செம்மண் மூட்டையும் எருவும் முணுமுணுத்துக்கொண்டே மாடிக்கு ஏற்றிக் கொடுத்தான். பதிமூன்று வாளி, பதிமூன்று செடி. தினமும் எழுந்ததும் மேலே போய் எண்ணிப் பார்ப்பேன். ஒன்றும் எங்கும் ஓடிப் போயிருக்காது. ஆனாலும் எண்ணுவேன்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் சரியான உப்பு. அதில் பருப்பு வேகாது. அதனால் குடிக்க ஆர்.ஓ. மிஷின் வைத்திருக்கிறோம். அது ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் இரண்டு குடம் தண்ணீரை ஒரு குழாய் வழியாகச் சாக்கடைக்கு அனுப்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போது செடி வந்துவிட்டதே. குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட் வைத்துப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க மாடிக்குத் தூக்கிப் போய் ஊற்றினேன். வீணாகப் போவதும் மிச்சம், செடிக்கும் தண்ணீர் ஆயிற்று. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மே மாதம் பாதியில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. வெயில் என்று நினைத்து, பழைய புடவையைக் கட்டி நிழல் கொடுத்தேன். பிறகு பூச்சி என்று வேப்பெண்ணெய் கலந்து தெளித்தேன். புளித்த மோர் ஊற்றினேன். வாடுகிறதே என்று அந்த மிஷின் தண்ணீரையே இன்னும் ஒரு பக்கெட் சேர்த்து ஊற்றினேன். இரண்டு வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு செடி போய்விட்டது. அந்த ஆறு வாளியையும் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன அத்தை, அங்க வாளி?" என்று மருமகள் கேட்டாள்.

"அது ஸ்பேர்."

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ரயில்வேக்காரரின் மனைவி செடி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, பதிமூன்றும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். ஆலயத்து வளாகத்திலேயே நின்றுகொண்டு சொன்ன பொய்.

ஒரு நாள் காலையில் மண்ணைக் கிளறும்போது மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தேன். சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்ததோ என்று நினைத்தேன். விரலில் தொட்டேன். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற சமையல்காரி புத்தி எனக்கு. வைத்துப் பார்த்தேன். உப்பு. ஊறுகாய் ஜாடி விளிம்பில் பூக்குமே, அந்த உப்பு. மனுஷர் குடிக்கக் கூடாது என்று மிஷினே துப்பிய தண்ணீரை, குழந்தைபோல எண்ணி எண்ணிப் பார்த்த செடிகளுக்கு ஊற்றியிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற பாலாற்றுத் தண்ணீரைப் பிடித்து, அடி ஓட்டை வழியாக வழிந்து ஓடும்வரை மிச்சமிருந்த ஏழு வாளியிலும் ஊற்றினேன். நாலைந்து தடவை இப்படிக் கழுவினேன். பத்து நாளில் நடுவிலிருந்து ஒரு புது இலை எட்டிப் பார்த்தது.

செய்த பாவத்துக்குப் பரிகாரம்போல அதன்பிறகு அவற்றுக்கு ராஜ உபசாரம். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் நல்ல தண்ணீர். செடிகள் இடுப்பு உயரம் வந்தன. வெள்ளைப் பூக்கள் தலை குனிந்து பூத்தன. ஜூலைக் கடைசியில் விரல் நீளத்துக்குப் பளபளவென்று காய்கள் தொங்கின. பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

ஆகஸ்டில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வந்தது. டீ குடித்துவிட்டு ரயில்வேக்காரர் தன் மனைவியோடு மாடிக்கு ஏறி வந்தார். நல்லவேளை, வாளிகளை இரண்டு பேரும் எண்ணவில்லை. பெரிய காயாகப் பறித்து நுனியைக் கடித்தார். மென்றார். மறுபடி கடித்தார்.

"அக்கா, இது வெண்டைக்கா இல்லையே?"

"சும்மா இருங்க நீங்க," என்றார் மனைவி.

"இல்ல, நெஜமாத்தான் கேக்கறேன். நுனியில ஏறினேன், காம்பு வரைக்கும் வந்துட்டேன். காரம்னு ஒரு ஸ்டேஷன் வரவே இல்லையே."

அவர்கள் போனபிறகு நானும் கடித்துப் பார்த்தேன். அந்த மனுஷன் சொன்னது சரிதான். பச்சை வாசனை இருந்தது, காரம் இல்லை. என் கையால் விளைந்தது என்று இதையா பீடத்தில் வைப்பேன்? பண்டிகைக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

கௌரவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மார்க்கெட்டில் பூசணிக்காய் விற்கிறவளிடமே போனேன். மிளகாயும் அவள்தான் விற்கிறாள்.

"இன்னா ஆயா, இப்பவே வந்துகினு கீற? பண்டிகைக்கு நாள் கீதே."

"பூசணி வேணாம்மா. செடியில மிளகா காரமா வரணும்னா என்ன பண்ணணும்?"

"எத்தினி வாட்டி தண்ணி வுடற?"

"மூணு வேள."

"மூணு வேளையா? செடிக்கு இன்னா ஜுரமா? வாட வுடு ஆயா. எல தொங்கினப்புறம் ஊத்து. அதுக்குக் கோவம் வந்தாத்தான் காரம் வரும். எங்க மாமியா வூட்டுத் தோட்டத்துல அப்டித்தான்."

"சரி. போன வருஷம் நீ சாக்பீஸால எழுதினதுல என் மானமே போச்சு, தெரியுமா?"

"நான் எழுதினேன். நீதான தொடைக்கணும்?"

அதுவும் நியாயம்தான்.

ஊற்றுவதைவிட ஊற்றாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. மத்தியான வெயிலில் இலையெல்லாம் சோர்ந்து தொங்கும். கையில் சொம்போடு பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். பிள்ளைகள் பசிக்கிறது என்று தட்டோடு நிற்கும்போது, மணி அடிக்கட்டும் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் நினைவுக்கு வரும். செப்டம்பரில் சாயங்கால மழை வேறு பிடித்துக்கொண்டது. மேகம் கறுத்தால் நான் மேலே ஓடி, வாளிகளை ஒவ்வொன்றாகப் படிக்கட்டுக் கூரைக்கு அடியில் இழுத்து வைப்பேன். ஒரு நாள் நனைந்துகொண்டு இழுப்பதை மருமகள் பார்த்துவிட்டாள்.

"ஊர்ல எல்லாரும் மழை வந்தா செடிய வெளிய வைப்பாங்க அத்தை. நீங்க என்ன உள்ள இழுக்கறீங்க?"

"பேசாம அந்த ஓரத்தப் புடி."

பிடித்தாள். அவளும் நனைந்தாள்.

புதிதாக வந்த காய்கள் அளவில் சிறியவை, நிறம் கரும்பச்சை. பண்டிகைக்கு முந்தின வாரம் ஒன்றை நறுக்கித் துளி வாயில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உதடு, நாக்கு, அதற்கப்புறம் காது மடல் வரை சூடு ஏறியது. கண்ணீர் வழிய அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுகமாக நான் எப்போதும் அழுததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முறத்தில் வெள்ளைத் துண்டு விரித்து, பச்சையும் சிவப்புமாக மிளகாயைப் பரப்பிக் கொண்டுபோனேன். தேங்காய்க் குலைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் அது சின்னதாகத்தான் தெரிந்தது. ஏலத்தில் என் முறம் வந்ததும், ரயில்வேக்காரர் ஒரு மிளகாயை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"குறி ஒண்ணும் காணோம்," என்றார்.

"வெண்டைக்காதான தம்பி. கடிச்சுப் பாருங்க."

கடிக்கவில்லை, கெட்டிக்காரர். நான் கொஞ்சம் ஆசையாக எதிர்பார்த்திருந்தேன். ஏலம் விடுகிறவரே எடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆனாலும் ஐயரைக் கேட்டுக்கொண்டு அவரே முறத்தோடு எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆராதனைக்கு முன்னால் அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, அன்னிக்கு மத்தியானமே தயிர் சோத்துக்குக் கடிச்சிக்கிட்டாரு. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. ரெண்டு சொம்பு காலி. என்னங்கன்னு கேட்டா, சளிங்கறாரு."

"சளிதான்," என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. பிறகு அவர் முன்னால் குனிந்து, "அக்கா, அதுல விதை எடுத்து வச்சிருக்கேன். அடுத்த பண்டிகைக்கு நானும் மிளகாதான். தண்ணிக்கும் கவல இல்ல. எங்க வீட்டு மிஷின்ல தெனம் ரெண்டு குடம் வீணாப் போகுது. அதப் புடிச்சு ஊத்திரலாம்," என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் செடி கருகும். பண்டிகைக்கு மார்க்கெட் பூசணியோடு வருவார், நான் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பேன். ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்து முடிகிறவரை அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

"அத ஊத்தாதீங்க தம்பி," என்றேன். "உப்பு. எனக்கு ஆறு செடி அதுலதான் போச்சு."

"பதிமூணும் நல்லாருக்குன்னு சொன்னீங்களே அக்கா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"சொன்னேன்."

ரயில்வேக்காரர் சிரித்தார். பாடகர் குழுவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். இந்தத் தடவை எனக்குச் சுருக்கென்று தைக்கவில்லை. மிளகாயைக் கொண்டுபோய் வைத்தாயிற்று, அவரும் சாப்பிட்டுப் பார்த்தாயிற்று. "அந்த ஆறு வாளி சும்மாதான் கெடக்கு. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க," என்றேன்.

திங்கட்கிழமை ஸ்கூட்டரில் வந்தார். அவர் வருவதற்குள் மருமகளிடம் ஒரு சாக்பீஸ் வாங்கி வைத்திருந்தேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, எழுத்தெல்லாம் கூட்டிக் கூட்டித்தான் வரும். எண் மட்டும் நன்றாக வரும். ஒவ்வொரு வாளியின் அடியிலும் பெரிதாக அஞ்சே முக்கால் என்று எண்ணில் எழுதினேன். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கயிறு கட்டி, பின்சீட்டில் வைத்து அனுப்பினேன்.

சாயங்காலம் போன் அடித்தது. வாளியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்திருப்பார். அன்றைக்கு என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள். ஏழுக்கும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் எடுத்தேன்.